வண்டியில் ஏற முடியாமல் நின்ற பெண்

திண்டிவனத்தில் எம்.ஏ. வரலாறு படித்தபோது, பழைய ஆங்கிலேயக் கேலிச்சித்திரங்களைப் பற்றி செமினார் எடுத்தேன். திரையில் காட்டிய முதல் படத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்க, ஒரு குண்டு ராஜா விருந்து தின்றுகொண்டிருந்தார். அடுத்த படத்தில் ஒரு குண்டுப் பெண் குதிரை வண்டியின் கதவில் மாட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்காரர்கள் அவளைப் பின்னாலிருந்து தள்ளினார்கள்.

“நம்மாளு லண்டன்லயும் இருக்காடா!” என்று என்னைக் காட்டிக் கத்தினான் வகுப்புத் தோழன் சேகர். வகுப்பே சிரித்தது.

என் பருமனைக் கேலி செய்தால், வழக்கமாக நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்று முடியவில்லை. திரையருகே போய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

“ராஜா ஊர் சோத்தைத் தின்னாரு, வரைஞ்சாங்க. இவ என்ன தப்பு பண்ணா, சேகர்?”

“தமாசுக்குச் சிரிச்சோம். அதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்கே?”

“பதில் சொல்லு. அதுவரைக்கும் அடுத்த படம் கிடையாது.”

நான் அங்கிருந்து நகரவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

“ஒண்ணும் பண்ணல” என்றான் கடைசியில், தரையைப் பார்த்து.

அந்தக் கேள்வியை அதுவரை நான் எனக்காகக்கூடக் கேட்டதில்லை.

மாலையில் விழுப்புரம் பஸ்ஸில் உடம்பைக் குறுக்கிக்கொள்ளாமல், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.