முதல் முடிச்சு

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். நான் வடலூரில் பிறந்தவள், விளக்கைத் தவிர வேறெதையும் கும்பிடாத வீடு, படித்தது விலங்கியல், சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். பேய், சகுனம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான்.

புகுந்த ஊர் கொள்ளிடக் கரை. அந்த ஆற்றில் முதலை உண்டு, அது ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரர் குடிகாட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். முந்தின வருஷ வெள்ளத்தில், ஆற்று நடுத் திட்டில் மாட்டிக்கொண்ட ஆடுகளை ஓட்டிவரப் போனார். ஆடுகள் வந்து சேர்ந்தன, அவர் வரவில்லை. படகு விட்டுத் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தாலிக்கு ஒரு கதை உண்டு. அவர் இடதுகைக்காரர். முதல் முடிச்சை அவர் தலைகீழாகப் போட்டுவிட்டார், அடுத்த இரண்டு முடிச்சும் போடவேண்டிய என் நாத்தனார் செல்வி, அதன் மேல் முடிச்சு நிற்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்ப, மண்டபமே சிரித்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள், துணி துவைக்கப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். எதிர் மணலில், வால்நுனி அறுந்த ஒரு முதலை. நான் துவைத்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது. முதலை வெயில் காயும், இதில் என்ன அதிசயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள்தான் நான். ஆனால் அடுத்த முறையும் நான் போனபோது வந்தது, அதற்கடுத்த முறையும் வந்தது, மற்ற பெண்கள் கேட்டால் அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள்.

உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருவம் செய்து எரித்துக் காரியம் முடிப்பார்கள். சொந்தக்காரர்கள் என்னைக் கேட்காமலே நாள் குறித்துவிட்டார்கள். புல் உருவத்தோடு படித்துறைக்குப் போனால், கடைசிப் படியை அடைத்துக்கொண்டு அது படுத்திருக்கிறது. எல்லாரும் அலறிக்கொண்டு கரையேறினார்கள், காரியம் நின்றுபோனது. இதுதான் அவனைத் தின்றிருக்கும் என்றார் அவருடைய பெரியப்பா. எனக்கோ, இந்தக் காரியம் வேண்டாமென்று சொல்லத்தான் அது வந்திருக்கிறது என்று தோன்றியது. படித்தவளுக்கு இப்படித் தோன்றலாமா என்று என் மேலேயே எனக்குக் கோபம்.

பிறகு ஆடிப்பெருக்கு வந்தது. ஊர்ப் பெண்கள் ஆற்றங்கரையில் புதுக் கயிறு மாற்றிக்கொள்ளும் நாள். காலையிலேயே செல்வி வந்துவிட்டாள்.

"இந்த வருஷம் படித்துறைக்கு வராதீங்க அண்ணி. தாலிய இன்னும் கழட்டலன்னு அவுங்கவுங்க பேசுறாங்க, என்னால பதில் சொல்ல முடியல."

எல்லாரும் திரும்பிய பிறகு, பட்டப்பகலில், ஆற்றுக்குப் படைக்க ஒரு கை காப்பரிசியோடு போனேன். செல்வி திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

அது படியில்தான் கிடந்தது, பத்தடிகூட இருக்காது. செல்வி என் கையை நகம் பதியப் பிடித்தாள். அது எங்களைப் பார்த்தது, மெதுவாகத் திரும்பித் தண்ணீருக்குள் இறங்கியது. அதன் நெஞ்சு இருந்த ஈரத்தில் ஒரு மஞ்சள் கயிறு.

யாரோ ஆற்றில் விட்ட பழைய கயிறு ஒதுங்கியிருக்கும் என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். செல்விதான் குனிந்து எடுத்தாள். புத்தம்புதுக் கயிறு, மஞ்சள் கொஞ்சமும் கரையவில்லை. ஒரே ஒரு முடிச்சு. அதைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்கண்ணன் போட்ட முடிச்சு அண்ணி. வேற யாருக்கும் இப்படித் தலைகீழா வராது."

அவர் இருக்கிறாரா, இல்லையா? இருந்தால் இதை ஏன் ஒரு முதலை கொண்டுவர வேண்டும்? இல்லையென்றால் இந்த முடிச்சைப் போட்டது யார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படித்துறைக்கு வராதீங்க என்று சொல்ல வந்த செல்வியே அழுதுகொண்டு அந்தக் கயிற்றை என் கழுத்தில் போட்டு, மீதி இரண்டு முடிச்சையும் போட்டாள். அதன் பிறகு அந்த முதலையை யாரும் பார்க்கவில்லை.

இதோ, தாலியோடு சேர்த்துப் போட்டிருக்கிறேன். அவள் போட்ட இரண்டும் காய்ந்துவிட்டன, இந்தச் சித்திரை வெயிலிலும் முதல் முடிச்சு மட்டும் ஈரமாகவே இருக்கிறது. வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள்.