வேப்பமரத்தடியில் ஒரு சுமேரியக் கோயில்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். ஆனால் பதினொன்றாம் வகுப்பிலேயே அந்தப் படியிலிருந்து இறங்கியிருக்க வேண்டியவள். இறங்காமல் பிடித்து நிறுத்தியவர்கள் இரண்டு கூட்டத்தார். ஒன்று, என்றோ மண்ணோடு போன சுமேரியர்கள். இன்னொன்று, எங்கள் தெருப் பெண்கள்.

அந்த வருஷம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாக வந்தது. பத்தாவது தேறிய பெண்களை எடுத்தார்கள். தெருமுனைக்கே வேன் வரும். இரும்பு உருக்கும் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்த அப்பா, ஆள் சேர்ப்பவரிடம், "ஆவணி பொறந்ததும் பொண்ண அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல. உலையின் அனலில் நின்று கருகியவர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்யும் வேலை மகளுக்குக் கிடைத்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம். நான் அழுது பார்த்தேன். "படிச்சு இன்னா ஆவப்போற? சொல்லு" என்றார்.

ஆடியில் பள்ளியில் கண்காட்சி. பழைய நாகரிகங்கள்தான் தலைப்பு. எகிப்தையும் சிந்துவெளியையும் முந்திக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது சுமேரியா. வரலாற்று மிஸ் கொடுத்த புத்தகத்தைப் படிக்கப் படிக்க அது மிச்சமாகத் தெரியவில்லை. அங்கே கல்லுக்குப் பஞ்சம். இரண்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் எல்லாம். மண்ணில் வீடு, மண்ணில் அரிவாள், ஈர மண் பலகையில் நாணல் குச்சியால் குத்திய எழுத்து. பார்லி வயலுக்கு வாய்க்கால் வெட்டினார்கள், தூர் வாரினார்கள், தண்ணீருக்காக அடித்துக்கொண்டார்கள். பொன்னேரிப் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றிப் படிப்பதுபோலவே இருந்தது.

ஏரிக் களிமண் கொண்டுவந்து அவர்களுடைய கோயிலைச் செய்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று மேடைகள், முன்னால் நீளமான படிக்கட்டு, உச்சியில் சந்திரனுக்கு ஒரு சின்ன அறை. வீட்டுக்குள் வைக்க இடமில்லை. வெயிலில் வைத்தால் வெடிக்கும். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் தெருமுனை வேப்பமரத்தடியில், அடியில் கொடுத்திருந்த மரப்பலகையோடு வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி மாதம். வேப்பமரம். அதன் அடியில் முந்தின நாள்வரை இல்லாத ஒரு மண்மேடு. மறுநாள் வெள்ளிக்கிழமை வேறு. நான் யோசித்திருக்க வேண்டும்.

பள்ளி விட்டு வந்தபோது கோயிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சாத்தியிருந்தார்கள். உச்சியில் ஊற்றிய பால் வழிந்து மேல் மேடைகள் இரண்டும் குழைந்து போயிருந்தன. எதிரே பெண்கள் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இது நான் எக்ஸிபிஷனுக்குச் செஞ்சது!" என்று பால்கார அக்காவிடம் கத்தினேன். தெருவுக்கே எருமைப்பால் ஊற்றும் அவர்தான் அங்கே தலைவி.

"நீ செஞ்சதா? நாங்க புத்துன்னு இல்ல நெனச்சோம்." கொஞ்சம் யோசித்தார். "யாரு செஞ்சா இன்னா? படையல் போட்டாச்சு. இனிமே அது அம்மன். தூக்கக் கூடாது."

"நாளைக்கு இது இல்லாம நான் எப்படிப் போறது?"

"கம்பெனிக்குப் போறவளுக்கு எதுக்குடி எக்ஸிபிஷன்?" என்றாள் கூழ்க் குண்டான் அருகே நின்ற ஒருத்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பால்கார அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழுதுகினு இருக்காத. இன்னா சாமி இது?"

"சந்திரன். வேற நாட்டுல, ரொம்பக் காலத்துக்கு முன்னாடி."

"இன்னா படைப்பாங்க?"

"ரொட்டி, பேரீச்சம்பழம், மீனு. அப்புறம் பார்லியில செஞ்ச பீரு."

"பீரா!" பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நம்ப முனீஸ்வரனுக்குப் பங்காளிடி இது. சரி, போவட்டும். ஆனா தனியா அனுப்ப மாட்டோம். நாங்களும் வர்றோம்."

மறுநாள் ஷேர் ஆட்டோவில் நான்கு பெண்கள், கற்பூரத் தட்டு, மடியில் சுமேரியா. இரவு வேலை முடித்து வந்த அப்பாவையும் மரப்பலகையைத் தூக்க ஏற்றிக்கொண்டார்கள். பள்ளிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

குழைந்த கோயிலை மேசையில் வைத்ததும் மிஸ்ஸின் முகம் மாறியது. "என்னம்மா இது, மஞ்சள் குங்குமமெல்லாம்?" நான் சொல்ல ஆரம்பித்தேன். சுமேரியர்கள் தங்கள் சாமிக்குத் தினமும் ரொட்டி, மீன் என்று சாப்பாடு படைத்ததை, துணி உடுத்தியதை, மழையில் அவர்கள் கோயிலும் இப்படிக் கரைந்ததை, கரையக் கரைய அதன் மேலேயே திரும்பக் கட்டியதை. எங்கள் தெருவில் நேற்று நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன். "ஆமா டீச்சர், பால் ஊத்தினது நான்தான்" என்று பால்கார அக்கா சாட்சி சொன்னார். மற்ற மேசைகளிலிருந்தவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பரிசு என்னவோ எகிப்துக்குத்தான் போனது.

கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பா கேட்டார்: "இத்தன மண்ணச் சுமந்தவனுக்கு இன்னா குடுத்தாங்க?"

"பார்லி, எண்ணெய், கம்பளி. யாரு வேலைக்கு வந்தாங்க, யாருக்கு என்ன குடுத்தாங்கன்னு மண் பலகையில எழுதி வெச்சாங்கப்பா. அது இன்னிக்கும் இருக்கு. கத்துக்கினவங்க படிக்கறாங்க."

"பேரோடவா?"

"பேரோட."

ஆலையில் அப்பாவுக்குப் பெயர் கிடையாது, டோக்கன் எண்தான். அவர் மேசையருகே வந்து, நான் குச்சியால் குத்திச் செய்திருந்த சின்ன மண் பலகையை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் பால்கார அக்கா சீண்டினார்: "இன்னாய்யா, உம் பொண்ணு எப்போ வேன் ஏறுது?"

"அது படிக்கட்டுங்க்கா" என்றார் அப்பா. "அந்த மாரி எழுத்தப் படிக்கவும் ஆளு வேணும் இல்ல?"

அன்று சாயங்காலமே ஆள் சேர்ப்பவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று இன்றுவரை சொன்னதில்லை. வந்து கைகால் கழுவினார். "அந்தச் சாமிக்குப் படைச்சாங்களே, அது ஆத்து மீனா, கடல் மீனா?" என்று என்னைக் கேட்டபடியே சாப்பிட உட்கார்ந்தார்.