விசில்காரர் கைவிட்ட கணக்கு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவரை விசில்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் அணிகள் ஆடும் கால்பந்துக்கு அவர்தான் நடுவர். கறார் பேர்வழி. ஆட்டம் முடிந்து யாராவது தேநீர் நீட்டினால்கூடத் தொடமாட்டார்.

அவருடைய இன்னொரு பழக்கம் மனைவிக்கு மட்டுமே தெரியும். தொலைக்காட்சியில் வரும் பெரிய ஆட்டங்களில் பந்தயம் கட்டுவார். அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஓர் அணிக்கு அநியாயமாகத் தீர்ப்புச் சொன்ன நடுவர், மனசு உறுத்தி, அடுத்த முறை அந்த அணியின் பக்கம் சாய்வார். ஆகவே அதன்மேல் கட்ட வேண்டும். தோற்றால் அடுத்த தடவை இரட்டிப்பு. ஆறு வருடமாக இதே கதை.

"தப்புப் பண்ணினவன் ஈடு கட்டத்தான் பார்ப்பான். மனுஷ சுபாவம் அது" என்பார்.

"நீங்க கட்டுறதுதான் எனக்குத் தெரியுது. வேற யாரும் எதையும் கட்டினதைக் காணோம்" என்பாள் தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

ஒரு ஞாயிறு, ரொட்டிக்கடை அணிக்கும் அச்சகத்து அணிக்கும் ஆட்டம். அச்சகத்துக்காரர் அடித்த பந்து வலைக்குள் கிடந்தது. இவர் கோல் என்று விசில் ஊதினார். ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர்தான் கோல்கீப்பர். அவர் ஓடிவந்தார்.

"சார், பந்து வெளியே போச்சு. பக்கவாட்டு வலை கிழிஞ்சிருக்கு, அது வழியா உள்ள வந்திருக்கு!"

இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரே கோலில் ரொட்டிக்கடை தோற்றது. எல்லோரும் போனபின் பக்கவலையில் கையை விட்டுப் பார்த்தார். தோள்வரை போனது.

அந்த வாரம் முழுக்க, லிஃப்டின் உச்சியில் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போடும்போதும் அந்த ஓட்டைதான் கண்ணில் நின்றது. அடுத்த ஞாயிறும் ரொட்டிக்கடை ஆட்டத்துக்கு இவரே நடுவர். தன் கை தானாக அவர்கள் பக்கம் போய்விடுமோ என்று பயந்தார். வலையை முடிச்சு முடிச்சாகச் சோதித்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்.

கோல் ஏதுமில்லாமல் கடைசி நிமிடம். ரொட்டிக்கடை ஆள் ஒருவர் கோலுக்கு முன்னால் விழுந்தார். "பெனால்டி!" என்று மைதானமே கத்தியது. எதிராளியின் கால் பந்தைத்தான் தொட்டது. இவர் தெளிவாகப் பார்த்தார். ஆடுங்கள் என்று கைகாட்டினார்.

ஆட்டம் முடிந்து விசிலைப் பையில் போடும்போதுதான் போன வாரத்து ஞாபகமே வந்தது. நேராகக் கோல்கீப்பரிடம் போனார்.

"அன்னைக்கு அது கோல் இல்லைங்க. என் தப்பு."

"ஓட்டை வலையில இருந்துச்சு சார், உங்க கண்ணுல இல்லையே. கோபம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா இன்னைக்குப் பாவம் பார்த்து பெனால்டி கொடுத்திருந்தீங்கன்னா, உங்க முகத்துலயே முழிச்சிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையை நீட்டினார். விசில்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "என் கணக்கு தப்பு. ஆட்டம் நடக்கும்போது போன வாரம் ஞாபகத்துக்கே வரல."

"நீங்களே நடுவர். இது தெரிய ஆறு வருஷமா?"

"நான் தப்பே பண்ணினதில்லைன்னு நினைச்சிட்டிருந்தேனே!"

அவள் சிரித்த சிரிப்பில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவர்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

அன்று மாலை பெரிய ஆட்டம் ஒன்று. பந்தயம் கட்டாமல், காலை நீட்டி உட்கார்ந்து, யார் ஜெயித்தால் என்ன என்று கடைசிவரை பார்த்தார்.