நூறு கிராம்

திங்கட்கிழமை காலைக் காபியோடு அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற ஆள், புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கே அது ஞாயிறு ராத்திரி. பெயர்தான் கால்பந்து. காலால் உதைப்பது எப்போதாவது. மற்றபடி பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவதும், நாலு பேர் பாய்ந்து அவனை மண்ணில் சாய்ப்பதும்தான் ஆட்டம். பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாத இடத்தில் நான் முப்பத்து நாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவன் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை.

அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம். மருமகன் அரியாங்குப்பத்துப் பிள்ளை. அங்கே போய் ஏதோ ஒரு நீலச் சட்டை அணிக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டார். சீசனுக்குப் பதினேழு ஆட்டம். அதில் பாதிக்கு மேல் தோற்பார்கள். மறு வாரமும் அதே நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். என்னை இழுத்தது ஆட்டமல்ல, அதன் நடைமுறை. தப்பு நடந்தால் நடுவர் மஞ்சள் துணி வீசுவார். தீர்ப்பு பிடிக்காவிட்டால் பயிற்சியாளர் சிவப்புத் துணி வீசலாம். உடனே எல்லாரும் ஓடுவதை நிறுத்திவிட்டு மேல்முறையீட்டை விசாரிப்பார்கள். ஐந்து நிமிடத்தில் உத்தரவு! எங்கள் ஆபீசில் மேல்முறையீட்டு மனுவுக்கு நம்பர் போடவே அதைவிட அதிக நாள் ஆகும்.

போன வாரம் அந்த அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் சீசன் முடிந்தது. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. நாலாவது முயற்சியில் ஒரு தடியன் ஆள் கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து விழுந்தான். பந்து அந்தப் பத்து கஜத்தை எட்டியதா இல்லையா என்று தெரியவில்லை. முன்பெல்லாம் இரண்டு பேர் சங்கிலியோடு ஓடிவந்து அளப்பார்களாம். இப்போது கேமரா அளந்து திரையில் கோடு போட்டுக் காட்டுகிறது. ஒரு விரற்கடை குறை. "முடிஞ்சது மாமா" என்று மருமகனிடமிருந்து செய்தி வந்தது.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். எங்கிருந்தோ யூரியா வாசனை வந்தது. உண்மையில் வரவில்லை, எங்கள் தெருவில் இப்போது யூரியா போட நிலம் ஏது? ஆனால் எனக்கு, அளவு பார்ப்பது என்றாலே அந்த வாசனைதான்.

உரக்கடையில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. கீழே பலகை, மேலே இரும்புத் தண்டு, அதில் நகர்த்துகிற குண்டு. கபடி சீசனில் ஞாயிறு காலைகளில் அதை மாட்டுவண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் பக்கத்து ஆட்டம் ஐம்பத்தைந்து கிலோப் பிரிவு. ஆட்டக்காரன் அரைஞாண் கயிறு உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜட்டியோடு பலகைமேல் ஏற வேண்டும். குண்டு ஐம்பத்தைந்தில் நிற்கும்போது தண்டு மேலே இடித்தால் ஆள் வெளியே. அமெரிக்காவில் மூட்டை மூட்டையாக இருக்கிறவனுக்குத்தான் மவுசு. எங்கள் பையன்களோ சனிக்கிழமை முழுக்கப் பட்டினி கிடந்து, எடை குறையப் புளியை மென்று எச்சிலைத் துப்பித் துப்பி ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வார்கள்.

சீசன் என்றால் தை அறுவடை முடிந்து பங்குனி வெயில் ஏறும்வரை. வயல் காலியாக இருக்கிற நாள்தான் எங்களுக்கு அட்டவணை. நான் அப்போது கொம்யூன் பஞ்சாயத்தில் புதிதாகச் சேர்ந்த கிளார்க். கபடியில் சுத்த பூஜ்யம். பயிற்சிக்கு ஆள் குறைந்தால் ஏழாவதாக நிற்பேன். என்னைத் தொட்டுவிட்டுப் போவது எதிரணிக்கு இளைப்பாறுகிற மாதிரி. ஆனால் விண்ணப்பம் நிரப்பத் தெரியும், விதிப்புத்தகம் மனப்பாடம். அதனால் அணிச் செயலாளர் ஆனேன். அதோடு, சர்க்கார் ஆள் பொய் எழுதமாட்டான் என்று எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து எடை பார்க்கிற வேலையையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். அந்தப் பெருமையில் ஒரு சுற்று பெருத்துப் போயிருந்தேன். என்னை யாரும் நிறுக்கவில்லை.

எங்கள் அணியின் உயிர் சவரிமுத்து. காலனிப் பையன், கரும்பு வெட்டுகிறவன். எதிரணிக் கோட்டுக்குள் பாடிக்கொண்டு போனான் என்றால் இடுப்புக்குக் கீழே எலும்பு இருப்பதாகவே தெரியாது. தலைநிறைய சுருட்டை முடி. அதற்கு எண்ணெய் தடவாமல் ஞாயிறு பூசைக்குப் போகமாட்டான், ஆட்டத்துக்கும் வரமாட்டான்.

எங்கள் வீட்டுக் கரும்பை அவன் அப்பாதான் வெட்டினார். தெருவில் எதிரே வந்தால் சவரி சைக்கிளை விட்டு இறங்கி, "வாங்க" என்பான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதும் அந்த 'வாங்க' எங்கேயோ போய்விடும்.

"டேய் கிளார்க்கு, இன்னாடா கைய கட்டிக்கினு நிக்கற? கால புடிடா! ஃபைலா அது, மெதுவா புடிக்கறதுக்கு?"

அதைச் சொல்வதற்கு அந்தக் கோட்டுக்குள் அவனுக்கு உரிமை இருந்தது. கேட்பதற்கு எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

ஒரு சீசனில் கடைசிக்கு முந்தின ஆட்டம்வரை நாங்கள் தோற்கவே இல்லை. கடைசி ஆட்டம் வில்லியனூர்ப் பக்கத்து அணியோடு, எங்கள் மைதானத்தில். ஒரு சர்க்கார் துறையின் கபடி அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வரப்போவதாகச் செய்தி. எடுத்துவிட்டால் மாதச் சம்பளம், சீருடை, பகலெல்லாம் கபடி. சவரியை மனத்தில் வைத்துத்தான் வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். கரும்பு வெட்டுகிற கத்தியை அவன் அப்பா கூரையில் செருகிவிட்டார் என்றும் சொன்னார்கள்.

அன்று காலை சவரி பலகைமேல் ஏறினான். தண்டு மேலே இடித்தது. நானூறு கிராம் அதிகம்.

விதிப்படி ஒரு மணி நேரம் அவகாசம் உண்டு. கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரப்பில் ஓடினான். திரும்பி வந்தபோது இருநூறு அதிகம். மறுபடி ஓடினான். நேரம் முடியப் போகிறது. அப்போது அவனே பக்கத்தில் முடிவெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். சுருட்டை முடி மொத்தமும் மண்ணில் விழுந்தது. மொட்டைத் தலையில் ரத்தக் கீறலோடு வந்து ஏறினான்.

குண்டை ஐம்பத்தைந்தில் வைத்தேன். தண்டு மேலே போனது. ஒரு கோடு தள்ளினேன். நின்றது. நூறு கிராம்.

எதிரணி மேனேஜர் ஒரு லாரி முதலாளி. அவரே என் தோளைத் தொட்டார். "வுடு தம்பி. நூறு கிராமு ஒரு மடக்குத் தண்ணி. அவன் ஆடாத ஆட்டத்த ஜெயிச்சு நாங்க இன்னா பண்ணப் போறோம்?"

இதைவிட ஒரு மனிதன் என்ன சொல்ல முடியும்? ஆனால் முந்தின ஞாயிறுதான் கரையாம்புத்தூர்ப் பையன் ஒருவனை இருநூறு கிராமுக்காக வெளியே அனுப்பியிருந்தேன். அவன் சட்டையைக் கூடப் போடாமல் அழுதுகொண்டு போனான். இன்று எங்கள் ஆள் என்றதும் கண்ணை மூடிக்கொள்வதா? அப்படித்தான் யோசித்தேன். நியாயமான யோசனைதான். இன்றைக்கு எடுத்து வைத்துப் பார்த்தாலும் அதில் ஒரு ஓட்டை தெரியவில்லை. அதுதான் தொந்தரவு.

"விதியில் இடமில்லைங்க," என்றேன்.

சவரி பலகையிலிருந்து இறங்கவில்லை. என்னையே பார்த்தான். கோபம் இல்லை, ரெய்டு முடிந்து வந்து பாயிண்டு எத்தனை என்று கேட்கிற முகம்.

"இன்னாடா, அவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்றேன்.

துண்டால் தலையை மூடிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தான். தோற்றோம். வந்த இரண்டு பேரும் எதிரணியில் ஓர் ஆளின் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் தெருவில் சவரியின் மொட்டையைப் பார்த்தவர்கள், "யாருப்பா தவறிட்டாங்க?" என்று விசாரித்தார்கள். அவன் என்ன சொன்னானோ.

அடுத்த தையில் அணி கூடியபோது அவன் வரவில்லை. கரும்பு வெட்டுக்கு வெளியூர் போய்விட்டான் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து, மகளுக்குப் பிறப்புச் சான்று வாங்க ஆபீசுக்கு வந்தான். "சார்" என்றான். மூன்று நாள் ஆகிற சான்றைக் கையோடு எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி அதை நாலாக மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அப்புறம் எத்தனையோ வருஷம். பணி ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் கண் காட்ட கடலூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல்வரை வரிசை. கயிறு கட்டிய வழியில் தொளதொளத்த நீலச் சட்டையோடு செக்யூரிட்டி நின்றிருந்தார். தொப்பிக்குக் கீழே சுருட்டை முடி, சுத்த வெள்ளை.

"வாங்க சார். நல்லாகீறீங்களா?"

நானும் அவன் நலம் விசாரித்தேன். கடைசியில், "சவரி, அன்னிக்கு அந்தத் தராசுல..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த இன்னா சார் இப்ப," என்று கயிற்றை அவிழ்த்தான். "நீங்க உள்ள போங்க."

"க்யூ இருக்கேப்பா."

"இருந்தா இன்னா சார்? ஒரு ஆளுதான?"

முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றாள். நான் போயிருக்கக் கூடாது. போனேன். என் பின்னால் அவன் கயிற்றைத் திரும்பக் கட்டுவது கேட்டது.

போன தையில் சவரி இறந்துவிட்டான். எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. மைதானமாக இருந்த வயலில் இப்போது மஞ்சள் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். உரக்கடையில் எடை போட்டால் சிவப்பு எண்கள் ஒளிர்கின்றன. தண்டும் இல்லை, குண்டும் இல்லை.

மருமகனின் அந்தச் செய்திக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. "ஒரு விரற்கடைதானே, விட்டிருக்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பி, "நீங்களா மாமா இதைச் சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அந்த மனைகள் பக்கம் நடக்கப் போனேன். ஒவ்வொருவராக வணக்கம் வைத்தார்கள். பாகூரில் இப்போது எல்லாருக்கும் நான் சார்தான்.