பன்னிரண்டு எட்டு

இதை எழுதப் பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். சொல்லாமல் மௌத்தானால் அல்லாஹ்விடம் என்ன சொல்வேன் என்றும் பயந்தேன். வயது போகப் போக இரண்டாவது பயம்தான் பெரிதாகிறது.

ஐம்பதுகளில் ஒரு மாரிக்கு எங்கள் ஊரின் மேற்கே வயல் வெள்ளம் வீட்டு வளவுகளுக்குள் ஏறியது. அடுத்த வெள்ளத்தில் சேதம் குறைய வேண்டுமென்று, வீடு கட்டலாகாத இடத்தைக் குறிக்க அளவைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு வழி காட்டியவர் என் மனைவியின் நானா, அவளுக்கு மூத்தவர், எனக்கு மச்சான். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டைவிதானை அவர். சிவப்பு மை பூசிய பாலை மரக் கட்டைகளை வரிசையாக அடித்து வந்தார்கள். என் காணியருகே வரிசை வளைந்தது. என் காணி வெள்ளப் பக்கம் போனது. மச்சானுடையது மேட்டுப் பக்கம் நின்றது.

அந்த மாரியில் என் காணிக்கு ஒரு சொட்டு வெள்ளமும் வரவில்லை. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தோம். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் எங்கள் பக்கம் கல்யாணம் இல்லை; எனக்கோ வேறு காணி இல்லை. அளவைக்காரர் மச்சான் வீட்டில்தான் பகல் சோறு தின்றார் என்று கேள்விப்பட்டதும் எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

“ஒங்கட காணியக் கண்டா தண்ணி வெக்கப்பட்டு ஒதுங்கிப் போகும் போல, மச்சான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எங்கட உம்மா பழைய வெள்ளத்தில என்னய இடுப்பில வெச்சிக்கிட்டு இந்த இடத்தாலதான் நடந்த. தண்ணி அவட நெஞ்சுக்கு நின்ட. நீங்க இந்த ஊருக்கு மாப்பிள்ளையா வந்த ஆள், ஒங்களுக்குத் தெரியா.”

மாப்பிள்ளையாக வந்த ஆள் என்றது என்னைக் குத்தியது. அவருடைய உம்மாவும் மௌத்து, சாட்சிக்கு யாரைக் கேட்பது?

விதைப்புக்கு ஊரே வயலில் இருந்த ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் போனேன். என் காணியருகே நின்ற கட்டையைப் பிடுங்கி, வயல் பக்கமாகப் பன்னிரண்டு எட்டு வைத்து எண்ணி அடித்தேன். என் காணி மேட்டுப் பக்கமானது. அங்கே சுடாத மண்கல் வைத்து வீடு கட்டினேன். கட்டையை நம்பிப் பக்கத்துக் காணியில் ஒரு விதவையும் குடில் போட்டார். மச்சான் அதற்குள் வேறு வயல் கண்டத்துக்கு வேலையாகப் போயிருந்தார்.

பிறகு வந்தது பெரிய வெள்ளம். மகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. சுவர் கரைந்து விழுந்த வீட்டிலிருந்து அவளையும் அந்த விதவையையும் வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுவந்தவர் மச்சான். நான் கட்டையைப் பிடுங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றுவிட்டது.

வெள்ளம் வடிந்ததும் பள்ளிவாசலில் கூடி, பிழையான இடத்தில் கட்டை அடித்தது யார் என்று கேட்டார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். கட்டை நின்ற இடம் அவருக்குத் தெரியாததா? “நான்தான் அடிப்பிச்ச” என்று மட்டும் சொன்னார். வெளியில் வரும்போது என் பக்கம் திரும்பி, “மறுகா கதைப்பம், மச்சான்” என்றார்.

விதானை வேலை அவர் கையை விட்டுப் போனது. அடுத்த தடவை கோடு போட வந்தவர்களை, கட்டையை நம்பிக் கெட்டது போதும் என்று ஊரார் திருப்பி அனுப்பினார்கள். பள்ளத்தில் மறுபடியும் வீடுகள் எழும்பின.

அப்போதும் நான் அவரைச் சந்தேகித்தேன். பிறகு கதைப்பம் என்று அன்று சொன்னதால், எதையோ கேட்கத்தான் வாயை மூடியிருக்கிறார் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் காத்திருந்தேன். அவர் வந்து கை கொடுத்து முஸாஃபஹா செய்து, மகளின் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவார். மௌத்தாகும் வரை கேட்கவேயில்லை.

வாசிப்பவர்கள் இதை மேற்குப் பக்கத்தில் வீடு கட்டுவோருக்குச் சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம். மச்சான் அடித்த இடம் சரியான இடம். பன்னிரண்டு எட்டு நகர்த்தியவன் நான்.