மலைக்குப் போகாத மெழுகுவர்த்தி

நான் பரங்கிமலை ஏறவில்லை! ஏறினேன் என்று வீட்டில் சொன்னது பச்சைப் பொய்.

யுத்த காலம். என் தம்பி அந்தோணி பர்மா எல்லையில் பட்டாளத்தில் இருந்தான்; மூன்று மாதமாகக் கடிதமில்லை. அவன் உயிரோடு திரும்பவேண்டி, சாந்தோமிலிருந்து வெறுங்காலோடு நடந்து மலையுச்சிக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். அவளுக்கோ மூட்டுவலி. அவளுக்காக நான் புறப்பட்டேன். கையில் முழ நீள மெழுகுவர்த்தி, வெறும் வயிறு, வாய் நிறைய ஜெபம்... அடையாற்றுப் பாலம்வரை நான் உத்தமிதான், நம்புங்கள்!

பாலத்தின் கிழக்கே ஆறு கடலில் கலந்துகொண்டிருந்தது. மேற்கே, தொலைவில், நான் ஏறவேண்டிய மலை. எதிரே சைக்கிளில் பிலோமினா வந்தாள். பள்ளித் தோழி, இப்போது வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ்.

"இன்னாடி, செருப்பில்லாம எங்க போய்க்கினு கீற?"

சொன்னேன்.

"மலை எங்க ஓடிடப் போவுது? ரெண்டு நிமிசம் சைக்கிள்ல ஏறிப் பாரு. நான் புட்சிக்கிறேன்."

மெழுகுவர்த்தியைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தேன். இரண்டே நிமிஷம்தானே...

விழுந்தேன். முழங்கை தேய்ந்தது. பட்டாள லாரிக்காரன் ஒருவன் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே மறுபடி ஏறினேன்!

"பிலோ, வுட்டுடாதடி!" என்று கத்தினேன்.

"நான் வுட்டு எவ்ளோ நேரம் ஆவுது!" என்று எங்கோ பின்னாலிருந்து பதில் வந்தது.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! இருபத்தாறு வயதுவரை யார் பின்னாலாவது நடந்தே பழகியவள் நான். அன்று பாலம் முழுக்க என்னுடையது, கடற்காற்று என்னுடையது! இக்கரைக்கும் அக்கரைக்கும் எத்தனை தடவை போனேனோ... தம்பியின் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

இறங்கியபோது உச்சிவெயில். மெழுகுவர்த்தி இளகி, நடுவில் வளைந்து கிடந்தது. எந்த முகத்தோடு அதை எடுத்துக்கொண்டு மலையேறுவது? முந்தானையில் மறைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன்.

"படியில வுழுந்துட்டியா, கண்ணு?" அம்மா என் முழங்கையைத் தடவினாள். தலையாட்டினேன்.

தம்பி வந்தான்! உயிரோடு வந்தான்! ஆனால் வலது முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு எது ஞாபகம் வந்தது என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?

நன்றி சொல்ல வருஷந்தோறும் கோலூன்றி அந்தப் படிகளை அவன் ஏறுகிறான்.

"நீதான் எனக்காக ஏறிட்டியேக்கா. கீழயே இரு" என்பான். அடிவாரத்தில் அவன் செருப்புக்குக் காவலாக நிற்கிறேன். அந்த மெழுகுவர்த்தி இன்னும் என் பெட்டியடியில் கிடக்கிறது.

அவனை அங்கே அழைத்துப் போவது யார் தெரியுமா? நான்தான்! என் சைக்கிளில், பின்னால் உட்காரவைத்து. அடையாற்றுப் பாலம் வந்ததும் என் கால்கள் என் சொல்லைக் கேட்பதில்லை.

"மெல்லக்கா! இந்தப் பாலத்துல மட்டும் உனக்கு இன்னா இவ்ளோ சந்தோசம்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்.

காதில் விழாதவள்போல இன்னும் வேகமாக மிதிக்கிறேன்.