செங்கல் காலோடு ஓடும் எழுத்து

என் கடையின் கண்ணாடிக் கதவில் சிவப்பாக ஓர் 'எம்' ஒட்டியிருக்கிறது. சுருங்கிப்போன, ஒரு கால் மட்டும் இழுபட்டு நீண்டுவிட்ட ஆங்கில எழுத்து. என் பெயரிலும் 'எம்' இல்லை, கடையின் பெயரிலும் இல்லை. யாராவது கேட்டால் வேண்டுதல் என்று சொல்லிவைப்பேன். உண்மையில் அது என் அண்ணியின் வண்டியிலிருந்து நான் பிய்த்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஸ்டிக்கர் கடை போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் எத்தனையோ எழுத்து வகைகள் இருந்தாலும் என் குலதெய்வம் ஒன்றுதான்: ஸ்லாப் செரிஃப், அதிலும் தடித்து வலப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் காலிலும் செங்கல் வைத்ததுபோல் பட்டையாக ஒரு கட்டை இருக்கும். அவ்வளவு கனத்தையும் தூக்கிக்கொண்டு அது முன்னால் சாய்ந்து ஓடும். செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் டிபன் கேரியரும் கைப்பையுமாக, நகர ஆரம்பித்துவிட்ட எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான். ஒல்லியான சாய்வெழுத்து ஓடினால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் போலிருக்கும்; இது ஓடினால் தரை அதிரும். லாரிக் கதவு, கபடி பனியன், ஆயில் டின், ஜிம் போர்டு, எல்லாவற்றுக்கும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகைக்கு ஆகாது. ஒருமுறை கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் போட்டுவிட்டேன். மாமனார் பாடையிலிருந்து இறங்கி ஓடுவதுபோல் இருக்கிறது என்று செத்தவரின் மருமகனே சொன்னார்.

அண்ணியைப் பார்த்தால் எனக்கு இந்த எழுத்துதான் ஞாபகம் வரும். கனத்த உடம்பு, அகலப் பாதம், கிளம்பும்போதே பாதி தூரம் போய்விட்டது போன்ற நடை. வீட்டிலேயே சமைத்து, சின்னப் பட்டறைகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவர், துணிந்து ஒரு பெரிய கம்பெனியில் போய் கேன்டீன் ஆர்டர் கேட்டார். ஒரு நாள் கொண்டுவந்து காட்டுங்கள், நேரத்துக்கு வந்தால் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அந்த ஒரு வார்த்தையை நம்பி, வைத்திருந்த நகையைக் கொடுத்துப் பழைய மினி வேன் ஒன்றை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டார். "வேன் ஓட்டினு போயி சாம்பார் ஊத்தப் போறாளாம்" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். 'அண்ணி மீல்ஸ்' என்று ஆங்கிலத்தில், என் குலதெய்வ எழுத்தில், வண்டியின் இரண்டு பக்கமும் நானே ஒட்டினேன்.

காட்டவேண்டிய நாளும் வந்தது. அண்டாக்கள் ஏறியபிறகு, பெருமையோடு வண்டியைச் சுற்றி வந்தேன். வலப்பக்கத்தில் எழுத்துகள் வண்டியின் மூக்கை நோக்கிச் சாய்ந்து பறந்தன. இடப்பக்கம் வந்ததும்தான் தப்பு தெரிந்தது. எழுத்து எந்தப் பக்கம் ஒட்டினாலும் வலப்புறம்தானே சாயும்; இங்கே வண்டியின் மூக்கோ இடப்புறம் இருந்தது. அத்தனை எழுத்தும் வண்டியின் வாலை நோக்கிச் சாய்ந்து, வரமாட்டேன் என்று கயிற்றைப் பின்னுக்கு இழுக்கும் ஆடுகளைப்போல நின்றன. நேரத்துக்கு வருவேன் என்று காட்டப்போகிற வண்டி! புத்தியுள்ளவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நான் 'மீல்ஸ்' என்பதன் முதல் எழுத்தை நகத்தால் சுரண்டி இழுத்தேன். அது ரப்பர் மாதிரி நீண்டு என் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"இன்னா பண்ற நீ?" என்றபடி அண்ணி வந்தார்.

"ஒரு மணி நேரம் குடு அண்ணி. எல்லாத்தையும் பிச்சிட்டு, திருப்பிச் சாய்ச்சி வெட்டினு வந்துட்றேன். இப்டியே போனா வண்டி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி கீது."

அண்ணி இடப்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "அந்தப் பக்கம் ஓடுது, இந்தப் பக்கம் பிரேக் போடுது. வண்டின்னா ரெண்டும் வோணும் நைனா. ஸ்டிக்கரா வண்டி ஓட்டப் போவுது? ஏறு, சோறு ஆறிடும்."

வழியெல்லாம் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கம்பெனி கேட்டில் வண்டியின் வலப்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். "கம்முனு குந்து" என்றார். போய்ச் சேர்ந்தால், மேனேஜர் சரியாக வண்டியின் இடப்பக்கம் வந்து நிற்கிறார். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வண்டியை.

"நேரத்துக்கு வந்துட்டீங்க. ஆனா மீல்ஸ்ல மொத எழுத்தக் காணோமே?"

சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அண்ணி அண்டாவின் மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்: "அதுக்குப் பசி சார். முன்னாடியே கேன்டீன் உள்ள பூந்துடுச்சி."

மேனேஜர் சிரித்துவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளையிலேர்ந்து வந்துடுங்கம்மா" என்றார். அந்த வெற்றியில் என் பங்கு ஓர் எழுத்தைக் குறைத்தது மட்டும்தான். இருந்தாலும் திருவள்ளூர் முழுக்க, 'நாங்க ஆர்டர் எடுத்துட்டோம்' என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அண்ணியின் வண்டிகள் கும்மிடிப்பூண்டி வரை போகின்றன. அன்று சிரித்த சொந்தக்காரர்களில் இரண்டு பேர் அவற்றை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு புது வண்டிக்கும், இடப்பக்கத்தைத் திருப்பிச் சாய்த்து வெட்டட்டுமா என்று கேட்பேன். "உன் வேலையப் பாரு" என்பார்.

மதியம் வண்டி என் கடையைத் தாண்டும்போது எனக்குத் தெரிவது இடப்பக்கம்தான். எழுத்துகளெல்லாம் பின்னால் சாய்ந்து பிரேக் போட, வண்டி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். தெருவைப் பார்த்து ஒட்டிய அந்தச் சிவப்பு 'எம்', கடைக்குள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்குக் கண்ணாடி வழியே சாய்வு மாறித் தெரியும். இழுபட்ட காலோடு, அது மட்டும் வண்டி போகிற பக்கமே சாய்ந்து கூடவே ஓடுகிறது.